மூன்று விரல் வாட்டம்

பாத்ரூமுக்குப் போன ஒரு மனிதர் வெளியே வந்து உங்களிடம் மூன்று விரலைக் காட்டினால் என்ன நினைப்பீர்கள்?

நானும் அதைத்தான் நினைத்தேன். "இன்னா குமரேசா, வயிறு சரியில்லையா? ஓமத் தண்ணி போடச் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"வயிறு நல்லாத்தான் இருக்கு மாமா. உங்க பாத்ரூம்தான் சரியில்ல. மூணு பர்சென்ட் ஸ்லோப்பு... அதுவும் ராங் சைடுல" என்றான்.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது. ஓமத் தண்ணி எனக்குத்தான் தேவைப்படும் போலிருந்தது.

குமரேசன் என் மனைவி கலாவின் தம்பி. சென்னையில் வேலை. போன வருடம் வரைக்கும் தங்கமான பையன். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் வந்தால் அக்கா வைத்த கறிக்குழம்பைச் சாப்பிடுவான், ஃபேனுக்குக் கீழே குப்புறப் படுத்துத் தூங்குவான், சாயங்காலம் ரயிலைப் பிடித்துவிடுவான். யாருக்கும் எந்தத் தொந்தரவும் கிடையாது. இப்போது அவனுக்கு கோல்ஃப் பிடித்துக்கொண்டது. சிலருக்கு சர்க்கரை வருகிற வயதில் இவனுக்கு கோல்ஃப் வந்திருக்கிறது.

அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான். குழி இருக்கிற இடத்தைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருப்பார்களாம். அதற்கு கிரீன் என்று பெயராம். பார்க்க கேரம் போர்டு மாதிரி சமமாகத் தெரியுமாம். ஆனால் எங்கேயாவது ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்குமாம். அந்தச் சரிவு தெரியாமல் பந்தைத் தட்டினால் அது குழியைச் சுற்றிக்கொண்டு வேறெங்காவது போய்விடுமாம். ஆகவே சரிவைக் கண்டுபிடிக்க இவன் ஒரு வகுப்புக்குப் போயிருக்கிறான்.

"கண்ணு பொய் சொல்லும் மாமா. காலு பொய் சொல்லாது" என்றான். ஹால் நடுவில் எழுந்து நின்று காலை அகட்டினான். கண்ணை மூடினான். "எந்தக் கால்ல கனம் ஜாஸ்தியா இருக்குதோ அந்தப் பக்கம் பள்ளம். எவ்ளோ பள்ளம்னு காலே சொல்லும். லேசா இருந்தா ஒரு விரல். இன்னும் கொஞ்சம்னா ரெண்டு. ஓவரா இருந்தா மூணு."

மூணு. ஓவர். என் பாத்ரூம்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் வீடு கட்டும்போது, பாத்ரூம் தரை போடுகிற அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். முந்தின நாள் ஒரு வாஸ்து வீடியோ பார்த்திருந்தேன். வீட்டில் ஓடும் தண்ணீர் ஈசானிய மூலையை நோக்கித்தான் ஓட வேண்டும் என்று அதில் ஒருவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எங்கள் பாத்ரூமில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையோ நேர் எதிரே, தென்மேற்கு மூலையில். பைப்பைப் புதைத்து மூடியாகிவிட்டது. நான் விடவில்லை. கையில் மொபைலில் காம்பஸை வைத்துக்கொண்டு, வாட்டத்தை வடகிழக்குப் பக்கம் போடச் சொன்னேன். வாட்டம் என்றால் தண்ணீர் வடிவதற்காகத் தரையில் கொடுக்கும் சரிவு. வீடு கட்டினவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேஸ்திரி ஏழுமலை, முகையூர்க்காரர், கரணையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சார், தண்ணிக்கு வாஸ்து தெரியாதுங்க சார்" என்றார்.

"நமக்குத் தெரியுது இல்ல? போடுங்க" என்றேன்.

போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் குளித்தாலும் தண்ணீர் ஓட்டைக்கு முதுகைக் காட்டிவிட்டு ஈசானியத்துக்குப் போய் நிற்கிறது. ஈசானியத்தில்தான் கதவு. கதவுக்கு வெளியே கால்மிதி. அந்தக் கால்மிதி காய்ந்து நான் பார்த்ததில்லை. கலா தினமும் வைப்பரை எடுத்துக்கொண்டு அந்தத் தண்ணீரை மேட்டுப்பக்கமாகத் தள்ளித் தள்ளி ஓட்டையில் கொண்டுபோய் விடுகிறாள். ஆறு வருடமாக.

"வாட்டம் தப்புங்க" என்பாள்.

"வாட்டம் சரியாத்தான் இருக்கு. ஓட்டைதான் தப்பான இடத்துல இருக்கு" என்பேன்.

வெட்கமில்லாமல் இதைச் சொல்லி ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். போன மாதம் அந்த மூலையில் அவள் வழுக்கி விழுந்து முட்டி வீங்கி ஒரு வாரம் நொண்டினாள். அப்போதுகூட என்ன சொன்னேன் தெரியுமா? சோப்பு சரியில்லை என்றேன். சோப்பை மாற்றினேன்.

இப்போது சென்னையிலிருந்து ஒருவன் வந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரலைக் காட்டிவிட்டான். கலா ஈரக்கையோடு ஹாலுக்கு வந்தாள்.

"கேட்டீங்களா? என் தம்பி காலு சொல்லிச்சி. நாளைக்கே ஏழுமலைய வரச் சொல்லி ஒடைக்கச் சொல்லுங்க."

"அவன் காலு ரெண்டு நாள் கிளாசுக்குப் போன காலு. அத நம்பி வீட்ட ஒடைக்க முடியுமா?" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இந்தச் சரிவு பாக்கிறதெல்லாம் ஒரு வித்தையா? ஒரு வாரம் குடு, நானே இவன ஜெயிச்சிக் காட்டுறேன்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

குமரேசன் சிரித்தான். கலா சிரிக்கவில்லை. "சரி. ஜெயிச்சிட்டீங்கன்னா நான் இனிமே பாத்ரூமப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். தோத்துட்டீங்கன்னா திங்கக்கெழம காலையில ஏழுமலை கடப்பாரையோட வருவாரு" என்றாள்.

இப்படித்தான் திண்டிவனத்தைத் தாண்டி, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ரிசார்ட்டில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஐந்து குழிப் போட்டி முடிவானது. குமரேசன் பெருந்தன்மையாக அவனுடைய பழைய குச்சி ஒன்றையும் இரண்டு பந்துகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "குச்சின்னு சொல்லாதீங்க மாமா, பட்டர்" என்று சொல்லிவிட்டும் போனான்.

பயிற்சியை மொட்டை மாடியில் ஆரம்பித்தேன். அங்கே கலா மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காயப் போட்டிருந்தாள். முதல் பந்து நேராக மல்லாட்டைக்குள் போய்ப் பதுங்கியது. இரண்டாவதை வேறு பக்கமாகத் தட்டினேன். அது அழகாக வளைந்து உருண்டு மழைத்தண்ணிப் பைப்புக்குள் போனது. தோட்டத்தில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து இன்னொரு மூலையிலிருந்து தட்டினேன். அதுவும் பைப்புக்கே போனது. எங்கிருந்து தட்டினாலும் பைப்புக்கே போனது. என்ன அருமையான வாட்டம்! யோசித்துப் பார்த்தேன். மாடித் தளம் போட்ட அன்று நான் ஒரு கல்யாணத்துக்காக ஊரில் இல்லை.

அப்புறம் பார்த்த இடத்திலெல்லாம் காலை அகட்டி நிற்கிற பழக்கம் வந்துவிட்டது. டீக்கடை வாசலில் கண்ணை மூடி நின்று, இடது காலில் கனம், இரண்டு விரல் என்று காட்டினேன். மாஸ்டர் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டையும் குடித்தேன். ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, மாத்திரை போட்டாச்சா என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை கலாவோடு திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனேன். பிரகாரத்துக் கல் தரை பாதத்துக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. மழைத்தண்ணீர் போகட்டும் என்று அந்தக் காலத்திலேயே நூல் பிடித்த மாதிரி சரிவு கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடினேன். காலை அகட்டினேன். இரண்டு விரல்.

கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

"சாமி, எம் பொண்ணு கல்யாணத்த நெனச்சிக்கினுதான் வந்தேன். நீங்க ரெண்டு காட்டிட்டீங்க. ரெண்டு மாசமா, ரெண்டு வருசமா சாமி?"

இது கோல்ஃப் அம்மா என்றால் அவருக்குப் புரியுமா? "மாசம்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஜல்தியாக நடையைக் கட்டினேன். கலா பின்னாலேயே வந்தாள். வீடு வரைக்கும் அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை கலா கடைக்குப் போயிருந்தபோது, ஒருமுறை... ஒரே ஒருமுறை... பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தரை நடுவில் நின்றேன். காலை அகட்டினேன். கண்ணை மூடினேன்.

கதவுப் பக்கத்துக் கால் நன்றாக அழுந்தியது. மூன்று விரல். அதற்கு மேலேயே இருக்கும். குமரேசன் மரியாதைக்காகக் குறைத்துச் சொல்லியிருக்கிறான்.

வெளியே வந்து ஒன்றும் தெரியாத மாதிரி பேப்பர் படித்தேன். தப்பு என்று தெரிந்த பிறகும் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி மட்டும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. உங்களுக்கு இப்படி ஆனதில்லையா? ஆனதில்லை என்றால் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குமரேசன் வெள்ளைத் தொப்பி, ஒரு கையில் மட்டும் உறை, வழவழ ஷூ என்று வந்து நின்றான். நான் வேட்டியில் போயிருந்தேன். கிரீனைப் பார்த்ததும் கலா என்ன செய்தாள் தெரியுமா? ஓரத்தில் செருப்பைக் கழற்றி விட்டாள். அவ்வளவு சுத்தமான தரையைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நானும் கழற்றினேன். அங்கே வேலை செய்யும் ஆள் ஏதோ சொல்ல வந்து, எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சொல்லாமலே போய்விட்டார்.

வெறுங்கால்தான் எனக்குக் கிடைத்த பெரிய வரம். ஷூவுக்குள் இருக்கும் காலுக்கு என்ன தெரியும்? என் பாதம் புல்லை மிதித்ததுமே எல்லாவற்றையும் சொன்னது. குறைந்த தட்டில் பந்தைக் குழிக்குள் போடுகிறவர்தான் ஜெயித்தவர். முதல் குழியில் எனக்கு இரண்டு தட்டு. அவனும் இரண்டு. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து தட்டப் போகும் நேரத்தில் கலா, "குமரேசா, காலையில இன்னாடா சாப்ட்ட?" என்று கேட்டாள். அவனுக்கு ஒரு தட்டு கூடிவிட்டது. நான்காவதில் எனக்கு ஒன்று கூடியது. ஆக நான்கு குழி முடிவில் சரிசமம்.

ஐந்தாவது குழி. அவன் மூன்று தட்டில் முடித்தான். என் முதல் தட்டு குழிக்கு நாலடி தூரத்தில் போய் நின்றது. அந்த நாலடியைப் போட்டுவிட்டால் ஜெயிப்பு. பாத்ரூம் பேச்சு இந்த ஜென்மத்துக்கு முடிந்தது.

பந்துக்கும் குழிக்கும் நடுவில் நின்றேன். கண்ணை மூடினேன். இடது காலில் கனம். சந்தேகமே இல்லை, இரண்டு விரல். அப்படியென்றால் பந்து இடது பக்கம் இறங்கும். நான் வலது பக்கமாகப் பார்த்துத் தட்ட வேண்டும்.

நான் நின்ற அதே இடத்தில் கலாவும் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு வந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க... இடது பக்கம் பள்ளமா இருக்கு. வலது பக்கமா தட்டுங்க."

அவ்வளவுதான். எனக்குள் மணி அடித்துவிட்டது. இவள் ஏன் எனக்குச் சொல்கிறாள்? நான் ஜெயித்தால் இவளுக்கு பாத்ரூம் கிடையாது. நான் தோற்றால்தான் இவளுக்கு லாபம். லாபத்தை விட்டுவிட்டு யாராவது எதிராளிக்கு வழி சொல்வார்களா? கவிழ்க்கப் பார்க்கிறாள்! தவிர, நானும் இவளும் ஒரு சரிவைப் பற்றி ஒரே கருத்தில் இருந்ததாக ஆறு வருடத்தில் சரித்திரமே இல்லை. இவள் இடது என்றால் அது வலதாகத்தான் இருக்க வேண்டும். என் கால் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கிறது...

இடது பக்கமாகப் பார்த்துத் தட்டினேன்.

பந்து கொஞ்சம் யோசித்தது. அப்புறம் இடது பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. எங்கள் பாத்ரூம் தண்ணீர் மாதிரியே, ஓட்டையை எட்டிக்கூடப் பார்க்காமல், ஒரே பள்ளமாகப் பார்த்துப் பத்தடி தள்ளிப் போய் நின்றது. அங்கிருந்து குழிக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு தட்டு ஆனது.

தோற்றேன்.

குமரேசனுக்கு ஜெயித்த சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. "மாமா, நீங்க ரெண்டு விரல் காட்டுனத நான் பாத்தேன். கரெக்டா பாத்துட்டு ஏன் மாமா அந்தாண்ட அடிச்சீங்க?"

"உங்க அக்கா சொன்னா..." என்று இழுத்தேன்.

"அக்காவும் கரெக்டாத்தான சொல்லிச்சி!"

தாகமாக இருக்கிறது என்றேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எங்களை இறக்கிவிட்டு அவன் சென்னைக்குக் கிளம்பிவிட்டான். விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். கலா ஜன்னல் ஓரம். கையில் ஒரு பொட்டலம் அவித்த மல்லாட்டை. ஜெயித்தவள் மாதிரியே தெரியவில்லை. எனக்கு மனது ஆறவில்லை.

"நான் தோத்தாத்தான உனக்கு பாத்ரூமு? அப்புறம் ஏன் எனக்குச் சரியா சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் ஒரு மல்லாட்டையை உரித்து என் கையில் வைத்தாள்.

"தண்ணி இந்தப் பக்கம் போவும்னு தெரிஞ்சிக்கினு, அந்தப் பக்கம் போவும்னு எப்பிடிங்க சொல்றது? எனக்கு வாய் வராது" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள். "ஆறு வருசமா சரியாத்தாங்க சொல்லிக்கினு இருக்கேன். நீங்கதான் அந்தாண்ட அந்தாண்ட அடிச்சிக்கினு இருக்கீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. தோற்றதற்கு இல்லை. வீங்கின முட்டியோடு வைப்பரைத் தள்ளிக்கொண்டிருந்தவளிடம் நான் புது சோப்பை நீட்டியது ஞாபகம் வந்தது. விக்கிரவாண்டி வரைக்கும் மல்லாட்டையை மென்றேன். அப்புறம்தான் வாய் வந்தது.

"சனிக்கெழம நானும் உள்ள நின்னு பாத்தேன் கலா. மூணு விரல்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "குளிக்காம எதுக்கு உள்ள போயிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன். கால்மிதியத் தாண்டி ஹால் வரைக்கும் ஈரக்கால் தடம் இருந்திச்சி."

திங்கட்கிழமை காலை ஏழுமலை மேஸ்திரி வந்தார். டைல்ஸை உடைத்தார். பழைய சரிவைச் சுரண்டி எடுத்தார். கலவை தயாரானது. தண்ணீர் நிரப்பின டியூப் லெவலைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை ஒருவிதப் பயத்தோடு பார்த்தார்.

"சார்... எந்தப் பக்கம் வாட்டம்?"

மொபைல் என் சட்டைப் பையில்தான் இருந்தது. காம்பஸும் அதில்தான் இருந்தது. நான் தொடவில்லை.

"அம்மாவக் கேளுங்க மேஸ்திரி."

அவர் ஈசானிய மூலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்து, டைல்ஸ் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு, கலா ஒரு மக் தண்ணீரோடு உள்ளே போனாள். கதவோரம், அவள் வழுக்கி விழுந்த அதே மூலையில் நின்று ஊற்றினாள். தண்ணீர் தரையில் பரவியது, ஒன்றாகத் திரண்டது, நேராகப் போய் ஓட்டையில் இறங்கியது. வைப்பர் சுவரில் சாய்ந்தபடி சும்மா நின்றது. ஒரே தடவையில் குழிக்குள் போட்டால் கோல்ஃபில் அதற்கு ஹோல் இன் ஒன் என்று பெயராம். குமரேசனுக்கு இன்னும் அது வாய்க்கவில்லை. ஃபோன் போட்டு, உங்க அக்கா போட்டுட்டாப்பா என்று சொன்னேன்.

கலா வெளியே வந்து கால்மிதியில் காலை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். விரல் எதையும் காட்டவில்லை. சிரித்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் வாட்டம் சரியாக இருக்கிறது. ஓட்டையும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆறு வருடமாகத் தப்பான இடத்தில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான்!